பெண் குரல்காரர்

அந்தக் குரலை முதன்முதலில் கேட்டபோது, பாடுகிற பெண் யார் என்று எட்டிப் பார்த்தேன். பாலக்காட்டில் ப்ரீ டிகிரி சேர்ந்த வருஷம் அது. கல்லூரி ஆர்ட்ஸ் கிளப்பின் தொடக்க விழா. மேடையில் அக்கார்டியன், கிட்டார், தபலா, போங்கோ என்று ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணைக் காணவில்லை. குரல் மட்டும் பக்கவாட்டுத் திரைக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது. முதல் சரணம் முடிந்ததும் திரையை விலக்கிக்கொண்டு வெள்ளை முழுக்கைச் சட்டை போட்ட ஒல்லியான ஆள் ஒருவர் வெளியே வந்து, மைக்கைக் கையில் எடுத்து, அதே குரலில் இரண்டாவது சரணத்தைப் பாடினார்.

ஆண்கள் பக்கம் கூச்சலும் விசிலும் கிளம்பின. "சேச்சி, சேச்சி" என்று கத்தினார்கள். மலையாளத்தில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெண்கள் பக்கத்திலும் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். நானும் சிரித்தேன். அவர் யாரையும் பார்க்காமல், கண்ணைக் கீழே வைத்துக்கொண்டு, ஒரு சுருதி பிசகாமல் பாடி முடித்துவிட்டு மறுபடி திரைக்குப் பின்னால் போய்விட்டார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் பாலக்காட்டில் இப்படி மூன்று நான்கு குழுக்கள் இருந்தன. ஒலவக்கோடு ரயில்வே காலனிப் பையன்கள் மூன்று பேர், தலைமுடியைத் தோள்வரை வளர்த்துக்கொண்டு, எலெக்ட்ரிக் கிட்டாரில் இங்கிலீஷ் பாட்டு வாசிப்பார்கள். ஒருவருக்கும் ஒரு வரியும் புரியாது. ஆனாலும் கூட்டம் வரும். வயலினும் ஆர்மோனியமும் வைத்துக்கொண்டு சர்ச் ஆட்கள் ஒரு குழு நடத்தினார்கள். கல்யாணங்களுக்குச் சிவப்புச் சட்டை பேண்டு செட் தனி. எங்கள் குழுதான் சினிமாப் பாட்டுக்குப் பெயர் வாங்கியது. தமிழும் பாடுவார்கள், மலையாளமும் பாடுவார்கள். அதற்கு ஏதோ நீளமான பெயர் வைத்திருந்தார்கள். ஊரில் யாரும் அதைச் சொன்னதில்லை. 'பெண் குரல்காரன் ட்ரூப்' என்றால்தான் தெரியும்.

எங்கள் குழு என்று எழுதிவிட்டேன். அதில் நான் இருந்தது ஒன்றரை வருஷம். அந்த ஒன்றரை வருஷத்துக்காக ஒரு மனிதரின் பாட்டை இல்லாமல் செய்துவிட்டேன் என்ற எண்ணம் இன்றுவரை என்னை விடவில்லை.

நான் கொல்லங்கோட்டுப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். படிப்புக்காக டவுனில் அத்தை வீட்டில் இருந்தேன். இரண்டாம் வருஷம் மகளிர் பிரிவுப் போட்டியில் பாடிப் பரிசு வாங்கினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் குழுவின் தலைவர் அத்தை வீட்டு வாசலில் வந்து நின்றார். கிட்டார் வாசிப்பவர், கல்பாத்திக்காரர், ஒரு ஆபீஸில் குமாஸ்தா. தனியாக வந்தால் நன்றாக இராது என்று தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"மாமி, எங்க ட்ரூப்புக்கு லேடி வாய்ஸ் ஒண்ணு வேணும். இப்பல்லாம் புக் பண்ண வரவா மொதல்ல கேக்கறதே, பொண்ணு உண்டான்னுதான். கொழந்தைய நானே கூட்டிண்டு போய் நானே கொண்டு விட்டுடறேன்."

"எங்கண்ணனக் கேக்காம நான் ஒண்ணுஞ் சொல்ல முடியாதுங்க தம்பி," என்றாள் அத்தை.

அப்பா வந்தார். அத்தை வீட்டுப் பட்டாசாலையில், அதாவது கூடத்தில், உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. கடைசியில், "பாடறது ஒண்ணும் தப்பில்லீங்க. புள்ளைக்கு ஆசையாவும் இருக்குது. ஆனா கல்யாணம்னு பேச்சு வந்தா அன்னைக்கே நிறுத்திரோணும். அதுக்குச் செரின்னா எனக்கும் செரி," என்றார். தலைவர் சரி என்றார். நானும் தலையாட்டினேன். கல்யாணம் என்பது அப்போது எங்கேயோ தூரத்தில் இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றியது.

ஒத்திகை ஞாயிறு மதியங்களில், ஒரு ட்யூட்டோரியல் காலேஜின் ஓலைக் கொட்டகையில் நடக்கும். கரும்பலகையில் சனிக்கிழமை போட்ட கணக்கு அழியாமல் இருக்கும். பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்காருவோம். துணைக்கு வந்த அத்தை வாசல் பக்கத்துப் பெஞ்சில் பூத் தொடுத்துக்கொண்டிருப்பாள். முதல் நாள் நான் போனபோது பெண் குரலில் பாடுகிற அவர் ஏற்கெனவே அங்கே இருந்தார். பி.ஏ. இரண்டாம் வருஷம். சூரியநெல்லிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டிலிருந்து வந்தவர். அப்பா ஃபாக்டரியில் வேலை, அம்மா கொழுந்து எடுப்பவர். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் அந்த லயத்து வீடுகளிலிருந்து காலேஜ் வரைக்கும் வந்த முதல் ஆள் அவர்தான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். பேசும்போது அவர் குரல் சாதாரணமான, கொஞ்சம் கம்மிய ஆண் குரல். பாட வாயைத் திறந்தால்தான் அந்த இன்னொன்று வரும்.

தலைவர் அவரிடம் சொன்னார்: "நீ பாடறதெல்லாம் இவளுக்குச் சொல்லிக் குடுத்துடு."

"எல்லாமா?"

"எல்லாம்தான்."

"சரி, எழுதித் தாரேன்," என்றார் அவர்.

மறு ஞாயிறு ஒரு நாற்பது பக்க நோட்டு கொண்டுவந்து கொடுத்தார். இருபத்திரண்டு பாட்டுகள். மலையாளப் பாட்டுகளையும் எனக்காகத் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தார். எங்கெங்கே மூச்சு விட வேண்டுமோ அங்கங்கே சிவப்பு மையில் சின்னக் கோடு.

"இந்த எடத்துல மூச்ச எடுத்துராதீங்க. அடுத்த வரி கால்வாசிலயே நின்னுரும். இதுக்கு முந்தியே நெறைய எடுத்து வச்சுக்கிடணும்," என்று பாடிக் காட்டினார். எனக்கு வராத இடத்தைப் பத்துத் தடவையானாலும் பாடிக் காட்டுவார். சலித்துக்கொண்டதே இல்லை.

தன்னுடைய இடத்தைத்தான் அவர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது அப்போது என் மனதில் உறைக்கவில்லை. பதினெட்டு வயது. புதுப் புடவை, மைக், கைதட்டல், இவைதான் கண்ணில் நின்றன. அவரும் பாடுவார், நானும் பாடுவேன் என்று நினைத்தேன். முதல் இரண்டு நிகழ்ச்சிகளில் அப்படித்தான் நடந்தது. மூன்றாவதில் அவருக்கு ஒரே ஒரு பாட்டு. அதற்குப் பிறகு ஏற்பாடு செய்கிறவர்களே, "பெண் இருக்கும்போது ஆண் எதற்குப் பெண்ணாகப் பாட வேண்டும்?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஜோடிப் பாட்டில் ஆண் பகுதிக்கு வேறு நல்ல பாடகர் இருந்தார். இவருடைய ஆண் குரல் மேடைக்குப் பற்றாது. கோரஸில் நிற்க வைத்தார்கள். அப்புறம் கையில் ஒரு கஞ்சிராவைக் கொடுத்தார்கள். ஒத்திகைக்கு மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தார். நான் பாடும்போது அவர் உதடு அசையும். சத்தம் வராது.

ஹாஸ்டலில் அவரைப் படுத்திய பாடு எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தபலா வாசித்த பையனும் அதே ஹாஸ்டல். ஒரு நாள் அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: அவர் அறைக் கதவில் சாக்பீஸால் 'லேடீஸ்' என்று எழுதி வைப்பார்களாம். குளிக்கப் போனால் வெளியே நின்று அவர் பாடுகிற மாதிரி இழுத்துப் பாடுவார்களாம். "அவுரு ஒண்ணும் சொல்ல மாட்டாருங்க அம்மா. கதவ ஈரத் துணியில தொடச்சிட்டு உள்ள போயிருவாரு," என்றான். அத்தை உச்சுக் கொட்டினாள். எனக்கு முதல் நாள் நான் சிரித்தது நினைவுக்கு வந்தது. அவர் கேட்டிருப்பாரா என்று யோசித்தேன். நூறு பேர் சிரித்ததில் என் சிரிப்பு தனியாகவா கேட்டிருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் மாசி மாதம். கணவாய்க் காற்று ஊரைப் புரட்டி எடுத்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்று தொடங்கினால் பாலக்காட்டில் உதடும் தொண்டையும் வறண்டு வெடித்துவிடும். ஒரு கிளப்பின் ஆண்டு விழாவுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு, பெரிய மைதானத்தில். அதற்கு இரண்டு நாள் முன்பு எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. மிளகுக் கஷாயம், உப்புத் தண்ணீர், ஒன்றும் கேட்கவில்லை. விழா நாள் மதியம் பேசினால் காற்றுதான் வந்தது.

மேடைக்குப் பின்னால் தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நோட்டீஸில் என் போட்டோ போட்டு அடித்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து அவரிடம் போனார்.

"நீ பின்னாலேந்து பாடிடு. இவ முன்னாடி நின்னு வாயசைக்கட்டும். மைக்கு ரெண்டு இருக்கு. ஒண்ண உள்ள எடுத்துண்டு போ."

அவர் என்னைப் பார்த்தார். நான் மறுத்திருக்கலாம். என் பங்குக்கு, "அவரே வந்து நின்னு பாடட்டுங்க," என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். குரல்தான் இல்லையே என்று இன்றைக்குச் சாக்குச் சொல்லலாம். தலையையாவது ஆட்டியிருக்கலாம். நான் புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"சரி, பாடுதேன்," என்றார் அவர்.

ஆறு பாட்டுகள். வெயில் இறங்கிய மைதானம் முழுக்கத் தலைகள். மைக்குக்கு முன்னால் நின்று நான் வாயைத் திறந்தேன். அவர் குரல் வெளியே வந்தது. எங்கே மூச்சு எடுப்பார், எங்கே இழுப்பார் என்பது எனக்கு அத்துப்படி. அதனால் யாருக்கும் துளிச் சந்தேகம் வரவில்லை. பக்கத் திரை காற்றில் விலகும்போதெல்லாம் அவருடைய வெள்ளைச் சட்டைக் கை தெரிந்தது. அன்றைக்கு அவர் பாடிய மாதிரி நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. எத்தனையோ ஒத்திகைகளில் கேட்டவள்தான். ஆனால் அது வேறு. ஒவ்வொரு வரியையும் அவசரமே இல்லாமல் விட்டு, கடைசிப் பாட்டில் மேல் சுருதியில் ஓரிடத்தில் அப்படியே நின்றார். மைதானத்தில் இருமல் சத்தம்கூட இல்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்து, பாட்டில் உருகிப் பாடுகிறேன் என்று கூட்டம் நினைத்திருக்கும்.

கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. ஒரு பெரிய மனிதரின் மனைவி மேடையேறி எனக்குப் பொன்னாடை போர்த்தினாள். மைக்கைப் பிடித்து மலையாளத்தில் என்னைப் புகழ்ந்தாள். நான் கை கூப்பி நின்றேன். திரும்பித் திரையைக் காட்டவில்லை.

வேனில் அவர் கடைசி சீட்டில் டிரம் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பொன்னாடையை மடித்து அவரிடம் நீட்டி, இல்லாத குரலில், "அண்ணா, இது உங்களுக்கு வந்ததுங்க," என்றேன்.

"பொம்பளைக்குப் போத்துனது. நான் வாங்கி என்ன செய்ய?" என்றார்.

வேனில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் அதைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டேன்.

மறு ஞாயிறு அவர் ஒத்திகைக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. தலைவர் ஹாஸ்டலுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார். பெட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாராம். "அப்பாக்கு ஒடம்பு சரியில்லையாம். வந்துடுவான்," என்றார் தலைவர். வரவில்லை. மார்ச்சில் கடைசி வருஷப் பரீட்சை வந்தது. அவர் எழுதவில்லை. நான் ஒரு கடிதம் எழுதினேன். முகவரி சரியாகத் தெரியாததால் அனுப்பவில்லை. தபலாக்காரப் பையனிடம் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். கேட்கவில்லை.

நான் அதற்குப் பிறகு இரண்டு நிகழ்ச்சிகளில்தான் பாடினேன். ஆவணியில் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். சித்தூர்ப் பக்கம் நல்ல நிலபுலன் உள்ள இடம். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா, "மேடையில பாடற புள்ளைன்னாங்க..." என்று இழுத்தார். அப்பா உடனே, "அதெல்லாம் நிறுத்தியாச்சுங்க," என்றார். அன்றைக்குக் காலைவரை நிறுத்தியிருக்கவில்லை. ஆனால் அந்த வார்த்தையோடு நின்றுவிட்டது. யாரும் என்னைத் திட்டவில்லை, தடுக்கவில்லை. பேச்சு முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான்தான் பரிமாறினேன்.

குழு எனக்குப் பிறகு இன்னொரு பெண்ணைத் தேடியது, கிடைக்கவில்லை. தலைவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனார். அக்கார்டியன்காரர் திருச்சூர்ப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியாரானார். ரயில்வே காலனிப் பையன்களின் அப்பாக்களுக்கு மாற்றலாகி ஆளுக்கொரு ஊர் போனார்கள். இரண்டே வருஷத்தில் டவுனில் அந்தக் குழுக்களைப் பற்றிப் பேச ஆள் இல்லை. கேட்டால், "ஆமாம், அப்படிச் சிலபேர் இருந்தார்கள்," என்பார்கள்.

கல்யாணமாகி நான்கு வருஷம் கழித்து, சூரியநெல்லிப் பக்கம் ஏலத்தோட்டம் ஒன்று விலைக்கு வருகிறது என்று என் கணவர் பார்க்கக் கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போனோம். ஜீப்பில் மூணாறு தாண்டி, சின்னக்கானல் தாண்டி, மழைத் தூறலில் போய்ச் சேர்ந்தோம். கணவர் தோட்டம் பார்க்கப் போன நேரத்தில், கூட வந்த டிரைவரிடம் கேட்டு, எனக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவரின் எஸ்டேட் ஃபாக்டரிக்கு வழி தெரிந்துகொண்டேன். அது அடுத்த மேட்டில்தான் இருந்தது. காலேஜில் படித்தவர், பாடுவார் என்று சொன்னதும் வாட்ச்மேனுக்கு ஆள் தெரிந்துவிட்டது.

வெளியே வந்தவரை எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. புருவத்திலும் காது மயிரிலும் தேயிலைத் தூசி படிந்திருந்தது. தூள் சலிக்கிற அறையில் வேலையாம். என்னைப் பார்த்ததும் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"எப்பிடி வந்தீங்க? யார் கூட வந்தீங்க?" என்றார்.

சொன்னேன். தன் அப்பாவுக்கு ஓய்வு பெறும் வயது வந்துவிட்டதாகவும், வீட்டில் ஒருத்தர் பெயராவது வேலைப் பதிவில் இல்லாவிட்டால் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள் என்றும், அதனால் வந்து சேர்ந்ததாகவும் சொன்னார். கல்யாணம் ஆகிவிட்டது, ஒரு மகன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு இருமினார்.

கேட்க வந்ததைக் கேட்டேன். "அண்ணா, எம்மேல கோவந்தானுங்களே?"

"ஒங்க மேல என்ன கோவம்?" என்றார். "நெசத்தச் சொல்லணும்னா அன்னைக்குத்தான் நல்லாப் பாடுனேன். யாரும் என்னையப் பாக்கலல்ல. ஒருத்தர்கூடச் சிரிக்கல. நம்ம பாட்டு எப்பிடி இருக்கும்னு நானே அன்னைக்குத்தான் கேட்டேன். அதுக்கப்பறம் வெளிய வந்து நின்னு பாடணும்னா பழையபடி சேச்சிதான. வேண்டாம்னு தோணிருச்சு."

"இப்பப் பாடறீங்களா?"

"அது போயிருச்சு. இந்தத் தூசிலயா, வயசுலயா தெரியல. ஒருநா மகனத் தூங்க வைக்கப் பாடிப் பாத்தேன். மேல போகல." இதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. மழை நின்றுவிட்டது என்று சொல்வது போலச் சொன்னார். பிறகு முகம் மலர்ந்து கேட்டார்: "நீங்க எந்த ஸ்டேசன்ல பாடுதீங்க? கோயமுத்தூரா, திருச்சூரா? இங்க ரேடியோ சரியா எடுக்காது. இருந்தாலும் பாட்டு வச்சா நின்னு கேப்பேன். பேரு சொல்லுதாங்களான்னு. எங்க காலேஜ்ல படிச்ச புள்ள, நான் எழுதிக் குடுத்த பாட்டப் பாடும், ரேடியோல வரும்னு இங்க எல்லாருட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

"இல்லீங்கண்ணா. கல்யாணத்தோட நிறுத்திட்டனுங்க. ஒண்ணுமே பாடறதில்ல."

"ஊட்லகூடவா?"

என்னைப் போலவே 'ஊடு' என்று சொன்னார். ஒத்திகைகளில் என் பேச்சைக் கேலி செய்ய அப்படிச் சொல்வார். இப்போது கேலியாகச் சொல்லவில்லை.

"இல்லீங்க."

அவர் முகத்தில் இருந்த மலர்ச்சி அப்படியே இறங்கியது. அதை நான் பார்த்தேன். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். "அப்ப என்னத்துக்கு..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். என்ன சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரியும். அவர் விட்டுக்கொடுத்தது எங்கேயோ பாடிக்கொண்டிருக்கிறது என்று நான்கு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார். அது அவருக்கு ஏதோ ஒரு கணக்கில் சரியாக இருந்திருக்கிறது. நான் போய் அதையும் கெடுத்துவிட்டு நின்றேன். போகாமலே இருந்திருக்கலாம்.

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "வேல கெடக்கு. பெரிய மழைக்கு முந்திக் கீழ எறங்கிருங்க. ரோடு வழுக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

ஜீப்புக்கு வந்தபோது கணவர் காத்துக்கொண்டிருந்தார். தோட்டம் அவருக்குப் பிடிக்கவில்லை, செடிக்கு நோய் விழுந்திருக்கிறதாம். "எங்க போயிட்ட?" என்றார்.

"எங்கூடப் படிச்சவரு ஒருத்தரு ஃபாக்டரில இருக்காருங்க. பாத்துட்டு வந்தேன்."

"தெரிஞ்சவருன்னா நல்ல தூளா ரெண்டு கிலோ வாங்கிட்டு வந்திருக்கலாமில்ல," என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நான் ஒன்றும் சொன்னதில்லை.

"தோணலீங்க," என்றேன். மூணாறு வந்ததும் இறங்கிச் சாப்பிட்டோம். பரோட்டா நன்றாக இருப்பதாக அவர் சொன்னார். எனக்குப் பாதிக்கு மேல் இறங்கவில்லை. மீதியை டிரைவர் வாங்கிக்கொண்டார்.